ஓடி வந்தவனிடம் என்ன கேட்பது?

(வாசகர் கேள்விகள், பிப்ரவரி 2023)

போன மாதம் 15-ம் தேதி, பொங்கலன்று, மும்பை மாரத்தான் நடந்தது. என் நண்பன் அதில் ஓடினான் என்றும், நான் சிவாஜி பார்க் அருகே சாலையோரம் நின்று வாழைப்பழம் கொடுத்தேன் என்றும் இந்தப் பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்தத் தடவை முழுக்க ஓட்டம்தான். பிடிக்காதவர்கள் நேராகச் சமையல் பக்கத்துக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: என் பால்ய நண்பன் மும்பையில் வேலை பார்க்கிறான். பொங்கலன்று மாரத்தானில் முழுத் தூரம் ஓடியதாகப் பதக்கத்தோடு படம் அனுப்பியிருந்தான். போன் செய்து, "எத்தனையாவது இடம்?" என்று கேட்டேன். "அஞ்சு மணி பத்து நிமிஷம்" என்றான். "அப்போ பிரைஸ் இல்லையா?" என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கேட்டதில் என்ன தப்பு? அந்த நேரம் நல்ல நேரமா, இல்லையா?
— கோவில்பட்டி வாசகர்

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை, நம் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழா மேல். மூன்று பேருக்கு சோப்பு டப்பாவும் டிபன் பாக்ஸும் கொடுப்பார்கள், மீதி நூறு பேர் வெயிலில் நின்று கைதட்ட வேண்டும். ஓட்டம் என்றால் அதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது.

இடம் கேட்டீர்கள் இல்லையா, அதை முதலில் முடித்துவிடுவோம். அன்று முதலில் வந்தவர் எத்தியோப்பியாவின் ஹைலே லெமி. 2016-ல் பாஸ்டன் மாரத்தானை ஜெயித்தவர். மும்பையில் அவர் எடுத்துக்கொண்டது 2 மணி 7 நிமிடம் 32 விநாடி. 2004-ல் இந்தப் போட்டி தொடங்கியதிலிருந்து இங்கே யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் ஒரு விநாடி. உங்கள் தெருவில் நூறு மீட்டர் அளந்து, முழு மூச்சோடு ஒரு தடவை ஓடிப் பாருங்கள். பதினெட்டு விநாடியில் முடித்துவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர். லெமி அதையே நிற்காமல் நானூற்று இருபத்திரண்டு தடவை செய்தார். இந்தியர்களில் முதலாவதாக வந்த கேரளத்து கோபி தொனக்கல் 2:16:41. அவர்களுக்கு அது தொழில். உங்கள் நண்பர் ஆபீஸ் முடிந்து, லோக்கல் ரயிலில் நசுங்கி வீட்டுக்கு வந்து, விடிகாலை நாலரைக்கு எழுந்து பழகியவர். இரண்டு பேரும் ஓடிய சாலை ஒன்று, அவ்வளவுதான்.

சரி, ஐந்து மணி பத்து நிமிடம் நல்ல நேரமா? எனக்குத் தெரியாது. தட்டிக் கழிப்பதாக நினைக்காதீர்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. முதல் பாதியை இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடத்திலும், அடுத்த பாதியையும் அதே நேரத்திலும் ஓடியிருந்தால் அது அழகான ஓட்டம். தன்னை அளந்து, அளந்தபடியே செலவு செய்திருக்கிறார். முதல் பாதி இரண்டு மணி, அடுத்த பாதி மூன்று மணி பத்து நிமிடம் என்றால், நடுவில் எங்கேயோ ஒரு பெரிய அடி வாங்கியிருக்கிறார். அடி வாங்கிய பிறகும் ரோட்டை விட்டு இறங்கவில்லை. எண் ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு கதை.

அந்த அடி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு வைத்தால் சுமார் இரண்டாயிரம் கலோரி. ஓடும்போது உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். எழுபது கிலோ ஆளுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு மூவாயிரத்தைத் தொட்டுவிடும். பாக்கி ஆயிரத்துக்கு எங்கே போவது? கொழுப்பு நிறைய இருக்கிறது, எனக்கே வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அது நிலத்தை விற்றுப் பணமாக்குவது மாதிரி, அவசரத்துக்குக் கைக்கு வராது. வேகமாக ஓட ஓட உடம்பு கையிலுள்ள சில்லறையைத்தான் எடுத்துச் செலவழிக்கும். முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் சட்டைப்பை காலி. ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவர்' என்கிறார்கள். கால் நம் கால் மாதிரியே இருக்காது.

எனவே மறுபடி போன் செய்யுங்கள். "முப்பதுக்கு அப்புறம் எப்படிடா இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு நீங்கள் பேச வேண்டியிருக்காது. சார்ஜ் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர் என்கிறார்கள். அது என்ன கணக்கு? நாற்பது என்று வைத்துத் தொலைத்தால் என்ன?
— மதுரை வாசகி

பதில்: நாற்பதாகத்தான் இருந்தது, அம்மா. 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்ஸர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிய வேண்டும் என்று பாதை போட்டார்கள். அது 26 மைல் 385 கஜம் வந்தது. 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் கால் இழுத்துக்கொண்டு அழுகிற ஒவ்வொருவரும் லண்டன் அரண்மனையைத்தான் திட்ட வேண்டும்.

அந்த 1908 ஓட்டத்திலேயே இத்தாலியின் டொரான்டோ பியத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்தார். வந்தவர் வழி தெரியாமல் தவறான பக்கம் திரும்பினார், விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பார்க்கப் பொறுக்காமல் அதிகாரிகள் கைத்தாங்கலாக முடிவுக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். தொட்டுத் தூக்கியதாலேயே அவர் தகுதி போயிற்று. தங்கப் பதக்கம் பின்னால் வந்த அமெரிக்கரான ஜானி ஹேய்ஸுக்குப் போனது. மனசு கேட்காமல் அரசி அலெக்ஸாண்ட்ரா மறுநாள் பியத்ரிக்கு ஒரு கோப்பை கொடுத்தார். ஹேய்ஸ் பெயரை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

கேள்வி: என் நண்பர் 4 மணி 58 நிமிடத்தில் முடித்தேன் என்கிறார். நான் இணையத்தில் தேடினேன். அவர் பெயருக்கு நேரே 5 மணி 6 நிமிடம் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. எட்டு நிமிடத்தை அமுக்குகிறாரா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: நண்பர் மேல் இவ்வளவு நம்பிக்கையா! அவர் சொல்வது சரி, இணையத்தில் இருப்பதும் சரி. துப்பாக்கி வெடித்த நொடியிலிருந்து எண்ணினால் 5:06. அவர் தொடக்கக் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து எண்ணினால் 4:58. ஆயிரக்கணக்கானவர்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் இடத்தில் பின்வரிசையில் நின்றவர், வெடிச் சத்தம் கேட்டுக் கோட்டுக்கு நடந்து வரவே எட்டு நிமிடம் ஆகியிருக்கும். நெஞ்சில் குத்தியிருக்கும் நம்பர் துணியில் ஒரு சின்ன சிப் இருக்கும். கோட்டிலும் வழியிலும் போட்டிருக்கும் பாய்களை மிதிக்கும்போதெல்லாம் அது நேரத்தைப் பதிவு செய்துகொள்ளும். பரிசுக்கு ஓடுகிறவர்களுக்கு வெடிச் சத்தம்தான் கணக்கு. உங்கள் நண்பர் போன்றவர்களுக்குச் சிப் நேரம்தான் சொந்த நேரம்.

அதே சிப்தான் நடுவில் குறுக்கு வழியில் நுழைய முடியாமலும் செய்கிறது. அது இல்லாத காலத்தில், 1980-ல், பாஸ்டனில் ரோஸி ரூயிஸ் என்ற பெண் 2:31:56-ல் பெண்களில் முதலாவதாக வந்து மாலையும் போட்டுக்கொண்டார். வேர்வையே இல்லாமல் நின்றவரைப் பார்த்துச் சந்தேகம் கிளம்பியது. விசாரித்தால், முடிவுக்குச் சற்று முன்னால் கூட்டத்துக்குள்ளிருந்து ரோட்டுக்கு வந்திருக்கிறார். எட்டாம் நாள் பட்டத்தைப் பிடுங்கி, உண்மையில் ஜெயித்த கனடாவின் ஜாக்லின் கரோவுக்குக் கொடுத்தார்கள். உங்கள் நண்பர் பெயருக்கு நேரே ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது கிலோமீட்டர் நேரமெல்லாம் வரிசையாக இருந்தால் அவரை விட்டுவிடுங்கள். ஒரு காபியும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: என் சிநேகிதி முதல்முறையாக ஒரு பெரிய நகரத்து மாரத்தானில் ஓடினாள். வெயில் ஏறும், மயக்கம் வரும், வழியில் எங்கே தண்ணீர் கொடுத்தாலும் குடி என்று நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். முடித்ததும் வாந்தி, தலைவலி, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்தாள். 'சோடியம் இறங்கிவிட்டது, தண்ணீர் அதிகம்' என்றார்கள். தண்ணீர் குடித்தால் கூடவா கெடுதல்?
— திருச்சி வாசகி

பதில்: கெடுதல்தான், நிறையப் பேருக்குத் தெரியாத கெடுதல். வேர்வையில் உப்பும் போகிறது. அதற்கு மேல் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், ரசத்தில் தண்ணீர் விட்டது போல ரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்துபோகும். மூளை வீங்குகிற அளவுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 2002-ல் பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். வேகமாக ஓடுகிறவனுக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாக ஓடுகிறவன் வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒரு மேஜையையும் விடுவதில்லை.

தாகம் எடுத்தால் குடிக்கலாம், எடுக்காவிட்டால் மேஜையைத் தாண்டிப் போகலாம். இதுதான் இப்போது பலரும் சொல்கிற வழி. முடித்த பிறகு தலைவலியும் குழப்பமும் இருந்தால், 'பாவம், காய்ந்துபோய்விட்டாள்' என்று இன்னும் இரண்டு பாட்டில் நீட்டாமல் மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். உங்கள் சிநேகிதி பிழைத்து வந்துவிட்டாள். உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். ஓடுகிறவர்களுக்கு யோசனை சொல்லிக் கெடுத்தவன் நான் ஒருவன் இருக்கிறேன், கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

கேள்வி: வயது 61. கூட வேலை பார்த்த நண்பர் மாரத்தான் ஓடிவிட்டார். அடுத்த ஜனவரியில் நானும் ஓடலாமா?
— கும்பகோணம் வாசகர்

பதில்: பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் எண்பத்தொன்பது வயதில்தான் லண்டனில் முதல் மாரத்தான் ஓடினார். 2011-ல் கனடாவின் டொராண்டோவில் 8 மணி 11 நிமிடத்தில் முடித்தபோது அவருக்கு நூறு. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அவரைக் காட்டி உங்களை உசுப்பிவிட எனக்குத் தைரியம் இல்லை. முதலில் இதயத்தைப் பார்க்கும் டாக்டர். அப்புறம் மூன்று மாதம் மகாமகக் குளத்தைச் சுற்றி வேக நடை. அடுத்த ஜனவரிக்குப் பத்து கிலோமீட்டர் போதும். முழுத் தூரத்துக்கு அதற்கு அடுத்த வருடம் கேளுங்கள். மும்பையில் முழுத் தூரத்துக்குப் பெயர் கொடுக்கவே முன்பு ஓடிய நேரச் சான்றிதழ் கேட்பார்கள்.

கேள்வி: மாரத்தான் ஓடிய என் நண்பர் அதைத் தவிர வேறு எதையும் பேச மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?
— சேலம் வாசகர்

பதில்: பேச விடுங்கள். ஐந்து மணி நேரம் யாரோடும் பேசாமல் ஓடியிருக்கிறார். ஷூ விலையைச் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: உங்கள் நண்பர் ஓடினார் என்று எழுதினீர்கள், என்ன நேரம் என்று எழுதவில்லையே? நேரம் மோசமா? எதை மறைக்கிறீர்கள்?
— திண்டுக்கல் வாசகி

பதில்: பிடித்துவிட்டீர்கள். அவன் நேரத்தை அல்ல, என்னைத்தான் மறைத்தேன்.

அவனுக்கு ஐம்பத்து நான்கு வயது, செம்பூரில் வீடு. நான் மாட்டுங்கா. நானும் நான்கு தடவை இதே பாதையில் ஓடியவன்தான். வலது முட்டி போதும் என்று சொல்லிவிட்டதால் இப்போது வாழைப்பழம் கொடுக்கிற உத்தியோகம். 2021, 2022 இரண்டு வருடமும் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. மூன்று வருடம் காத்திருந்து தேதி வந்தால், அது பொங்கலாக இருக்கிறது. "பண்டிகை நாளும் அதுவுமா ஊரைச் சுத்தி ஓடப் போறாரா அண்ணா?" என்று அவன் மனைவி என்னிடம் கேட்டாள். அவனிடம் கேட்டால் பதில் வராது என்று தெரியும். பானை காலையிலேயே பொங்கும், வீட்டுக்காரர் மத்தியானம் வருவார் என்று ஒப்பந்தம் ஆனது.

அவன் குறி நாலரை மணி. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் இருபத்து நான்கு விநாடி. நாலரை மணிக்குள் முடிக்க வைப்பதற்கென்றே கையில் பலகை பிடித்து ஓடும் பேசர் இருப்பார், அவரைச் சுற்றி ஒரு கும்பல் ஓடும். இதற்கு இங்கே 'பஸ்' என்று பெயர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள், இறங்காதே என்று ஆறு மாதம் சொல்லியிருந்தேன். அவனும் தலையாட்டினான். சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷன் வாசலிலிருந்து இருட்டோடு கிளம்பினார்கள். குளிர்காற்று, காலியான மரைன் டிரைவ், மூன்று மாத லாங் ரன் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) ஊட்டிவைத்த கால். பஸ்ஸை விட்டு இறங்கி முன்னால் போய்விட்டான். பத்து கிலோமீட்டர் ஒரு மணி இரண்டு நிமிடம். வொர்லி தாண்டி, பாந்த்ரா வொர்லி கடல் பாலத்தில் ஏறினார்கள். பைக்கோ நடப்பவர்களோ கால் வைக்க முடியாத பாலம். இந்த மாதிரி ஓட்டம் நடக்கும் காலையில் மட்டும் அவன் மாதிரி ஆட்களுக்குச் சொந்தம். பாலத்தில் வெளுக்கத் தொடங்கிய வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடியதில் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை என்றான். பாதி தூரம் 2 மணி 12 நிமிடம். மூன்று நிமிடம் லாபம்.

ஓடுகிறவர் எங்கே வருகிறார் என்று காட்டும் ஆப்பை நான் போனில் பார்த்துக்கொண்டு சிவாஜி பார்க் ஓரத்தில் நிற்கிறேன். மாஹிம் பக்கமிருந்து வருகிறான். சிரித்த முகம்தான், ஆனால் தோள் ஏறிக் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடியவனுக்குத் தெரியும், அது களைப்பின் முதல் கடுதாசி. என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துப் பழத்தை வாங்கினான். "கொஞ்சம் தணிச்சு ஓடலாம்னு இருக்கேன்" என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "தணி, பஸ் வரட்டும், ஏறிக்கோ." அவ்வளவுதான். பஸ் இரண்டே நிமிடம் பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் கத்தியது இது: "பஸ் பின்னாடிதான் வருது. பிடிக்க விடாதே, இழு!" சாலையோரம் நின்று பார்ப்பவனுக்கு வரும் வீரம் இருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது.

அவன் இழுத்தான். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இடது கெண்டைக்கால் உருண்டை கட்டிக்கொண்டது. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். ஒரு தொண்டர் பையன் வலி ஸ்பிரே அடித்துவிட்டான். அந்த நேரத்தில் பஸ் பாட்டுப் பாடிக்கொண்டு தாண்டிப் போயிற்று, அதிலிருந்து இரண்டு பேர் கையாட்டிக் கூப்பிட்டார்களாம். முப்பதாவது கிலோமீட்டர் 3 மணி 14 நிமிடம். அங்கிருந்து நாற்பதுக்குப் போக அவனுக்கு 1 மணி 39 நிமிடம் ஆனது. என் ஆப்பில் அந்தப் பத்து கிலோமீட்டர் ஒரே கோடு, ஒரே எண். அங்கே நடந்தது எல்லாம் ராத்திரிதான் தெரிந்தது.

ஹாஜி அலி வருவதற்குச் சற்று முன்னால் பின்னாலிருந்து சைரன் சத்தம் கேட்டிருக்கிறது. எல்லாரும் ஓரம் கட்டினார்கள். முன்னணி ஓட்டக்காரர்கள் சாதாரண ஜனங்களுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கிளம்புவார்கள், அப்படியும் வந்து பிடித்துவிட்டார்கள். "காலடிச் சத்தமே இல்லடா. சைக்கிள் போற மாதிரி இருந்துச்சு" என்றான். ஆணி அடித்தது போல நின்று பார்த்தானாம். பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே கிளம்பியிருக்கிறான்.

அப்புறம் பெடர் ரோடு. காரில் போனால் அது மேடு என்றே தெரியாது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு கிலோமீட்டர் ஓடிவிட்டு வருகிறவனுக்கு அது திருப்பதி மலை. ஆனால் அந்தச் சாலைக்காரர்கள் மாதிரி ஒரு ஜனத்தைப் பார்க்க முடியாது. கட்டடத்துக்குக் கட்டடம் குடும்பத்தோடு கீழே இறங்கி நிற்பார்கள், உரித்த ஆரஞ்சு, பிஸ்கட், சிக்கி என்று தட்டு தட்டாக. லதா மங்கேஷ்கர் வாழ்ந்த பிரபு குஞ்ச் அந்தச் சாலையில்தான், அவர் போன பிறகு வந்த முதல் மாரத்தான் இது. என் நண்பன் கணக்குப் போட்டுக்கொண்டான்: மூன்று விளக்குக் கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. மேட்டுப் பாதியில் அது இரண்டுக்கு ஒன்றானது. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் உள்ளங்கையில் உப்பை வைத்து நீட்டியிருக்கிறாள். நாக்கால் தொட்டு எடுத்துக்கொள்ளவா, கையில் வாங்கவா என்று யோசித்து அங்கேயே நின்றேன், மூளை வேலை செய்யவில்லை என்றான். கடைசியில் அந்தப் பெண்ணே அவன் கையில் கொட்டிவிட்டாள்.

கெம்ப்ஸ் கார்னர் இறக்கம் தொடையைப் பதம் பார்த்தது. மரைன் டிரைவில் வெயில் ஏறிவிட்டது. விடியுமுன் காலியாக, குளிர்ச்சியாகக் கிடந்த அதே வளைவு இப்போது முடிவே இல்லாமல் கிடந்தது. கடலை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். முன்னால் ஓடியவரின் பச்சைச் சட்டையை மட்டும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். சர்ச்கேட், ஃப்ளோரா பவுண்டன், சிஎஸ்எம்டி.

5 மணி 14 நிமிடம் 37 விநாடி. முதல் பாதி 2:12, இரண்டாம் பாதி மூன்று மணிக்கு மேல். புத்தகப்படி இது கெட்டுப்போன ஓட்டம். நான் ஓடிய நான்கையும் தராசின் ஒரு தட்டில் வைத்தால்கூட இவனுடைய கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஈடாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. என்னுடையது நான்கும் ஐந்து மணிக்கு உள்ளே, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹார்பர் லைன் ரயிலில் இருவரும் செம்பூர் வந்தோம். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிவிட்டான், இறங்க முடியவில்லை. திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினான். கழுத்தில் பதக்கம். மேலே ஏறி வந்த கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. மும்பையில் யாரும் யாருக்கும் வழி விட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டில் சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போயிருந்தது. ஆறினால் என்ன, மூன்று தட்டு போயிற்று. சட்டைப்பை நிரம்ப வேண்டுமே. அவன் மனைவி நெய் ஊற்றிக்கொண்டே கேட்டாள், "எத்தனையாவது இடம் வந்தீங்க?"

"லெமி என்னை முந்திட்டாரு" என்றான். அவள் அந்தப் பெயரை யோசித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்போதுதான் நான் மெல்ல ஆரம்பித்தேன். சிவாஜி பார்க்கில் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்றேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முந்திரியை ஒதுக்கிக் கடைசிக்கு வைத்துக்கொண்டே சொன்னான்:

"அடுத்த வருஷமும் அதே இடத்துல நில்லு. பழம் கொடு. வாயை மட்டும் தொறக்காத."